காய்ச்ச மரம், எந்த ஊர் மரம்?

கேள்வி: ஓசூரில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். காலையில் கார்டு தேய்த்ததிலிருந்து இரவு வரை ஒரே பரபரப்பு, சாப்பிடும்போதும் போன். ஞாயிறு சாயந்தரமே திங்கள்கிழமை பயம் வந்துவிடுகிறது. மேனேஜரிடம் சொன்னால் "காய்ச்ச மரம்தான் கல்லடி படும்" என்று தட்டிக்கொடுக்கிறார். ஓய்ந்து விழுவதற்குள் நேரத்தைச் சமாளிக்க வழி சொல்லுங்கள்.

பதில்: நேரம் கிடக்கட்டும் தம்பி, முதலில் அந்த மரத்துக்கு வருவோம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு காய்ச்ச மரம் என்றால் அது மாமரம்தான். அதைச் சேலம் மாம்பழம் என்று விற்கிறார்களே, அந்த வயிற்றெரிச்சலை இந்தப் பக்கத்தில் எத்தனை தடவை கொட்டியிருக்கிறேன். 1965 வரை நாம் சேலம் மாவட்டம், அப்புறம் தருமபுரி, 2004இல் கிருஷ்ணகிரி. எல்லாரும் தனிக்குடித்தனம் வந்தாச்சு, மாம்பழம் மட்டும் இன்னும் சேலத்து ரேஷன் கார்டிலேயே இருக்கிறது.

சரி, மரம். அல்போன்சா ரக மா ஒரு வருஷம் கொத்துக் கொத்தாகக் காய்த்தால் மறுவருஷம் கையை விரித்துவிடும். விவசாயி திட்டுவார், ஆனால் மரத்துக்கு மெமோ கொடுக்க முடியாது. வருஷா வருஷம் காய்க்கிற பெங்களூரா ரகத்தைக்கூட அறுவடை முடிந்ததும் கவாத்து பண்ணி, எரு வைத்து, பேசாமல் விட்டுவிடுகிறோம். இதுவும் பொறுக்காதவர்களுக்கு பேக்லோபுட்ரசால் என்று ஒரு மருந்து இருக்கிறது. வேரடியில் ஊற்றினால் தழைவதை அடக்கிப் பூவைத் தள்ளும், அளவு மீறினால் தளிர் குட்டையாகி மரம் கூம்பிப்போகும். உங்கள் கம்பெனியில் அதற்கு டார்கெட் என்று பேர், இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் ஊற்றுகிறார்கள். அப்புறம், கல்லெறிகிறவரே அந்தப் பழமொழியையும் சொல்வது கொஞ்சம் ஓவர்.

நானும் பறந்தவன்தான். பல வருஷம் முன்பு, இதழ் முடிக்கிற இரவில், ஒரு காதில் போனும் கையில் மூன்று பக்கமுமாக ஆடி, மாங்கனிக் கண்காட்சியில் பரிசு வாங்கிய இரண்டு பழங்களின் படத்துக்குக் கீழே "மணமக்கள் பல்லாண்டு வாழ்க" என்று போய்விட்டது. கல்யாண வீட்டார் சிரித்துவிட்டார்கள். பழத்துக்காரர்தான் ஆபீஸுக்கே வந்துவிட்டார், அவருடைய பழத்தைப் பக்கத்துத் தோட்டத்துப் பழத்துக்குக் கட்டிக்கொடுத்துவிட்டேனாம். அன்றிலிருந்து இதழ் முடிக்கிற நாளில் என் போன் ஃபோர்மேன் டிராயரில், மேஜையில் ஒரே பக்கம். முன்பைவிட அரை மணி நேரம் சீக்கிரமாகவே வீட்டுக்குப் போகிறேன்.

'பர்ன் அவுட்' என்று உங்கள் ஆபீஸில் சொல்வார்களே, அதை உலக சுகாதார நிறுவனம் 2019இல் நோய் என்று சொல்லவில்லை, வேலையிடத்து அழுத்தத்தைச் சரிவரக் கையாளாததால் வருவது என்றுதான் சொன்னது. அதனால் யோகா கிளாஸில் சேருங்கள் என்று உங்களுக்கு மட்டும் மருந்து எழுத எனக்கு மனசில்லை. 2021இல் அதே நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து கணக்குப் பார்த்ததில், வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35-40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று வந்தது. ஒரு வாரம் உங்கள் மணிக்கணக்கைத் துண்டுச் சீட்டில் குறித்துவையுங்கள். கையிலிருக்கும் வேலைகளையும் அதிலேயே எழுதி மேனேஜர் மேஜையில் வைத்து, "சார், இதில் எந்த இரண்டை விடட்டும்?" என்று கேளுங்கள். எதையும் விடக்கூடாது என்றால் அதையும் அந்தச் சீட்டிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பேனா மூடியைத் திறக்கவே அவருக்குச் சாயந்தரம் ஆகிவிடும்.

ஜூன் மாதம் இந்தப் பக்கம் வந்தால் ஒரு கூடை பெங்களூரா கொண்டுவாருங்கள். அட்டைப் பெட்டி வேண்டாம், அதில் என்ன ஊர் பேர் அச்சடித்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.