பின்னால் இருந்து வந்த கல், முன்னால் விழுந்த அடி

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "போன மாதம் ஓர் உள்ளிருப்புப் போராட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பின்பக்கத்தில் இருந்து யாரோ இரண்டு கல் எறிந்தார்கள். அடுத்த நிமிடம் போலீஸ் முன்வரிசைக்குள் புகுந்து தடியடி நடத்தியது. தலையைக் காப்பாற்றத் தூக்கிய இடது கையில் எனக்கு அடி. 'அனுமதியும் வாங்கவில்லை, கல்லும் விழுந்துவிட்டது, அப்புறம் அது சட்டவிரோதக் கூட்டம்தானே, போலீஸ் என்ன வேண்டுமானாலும் செய்யலாம்' என்கிறார் நண்பர். அடுத்த வாரம் மறுபடியும் உட்காரப் போகிறோம். அவர் சொல்வது சரியா? நாங்கள் எப்படித் தயாராக வேண்டும்?"

சரியில்லை. இந்த 'என்ன வேண்டுமானாலும்' என்ற இரண்டு சொல்லை நம்பித்தான் அடி வாங்கிய எத்தனையோ பேர் புகார்கூட கொடுக்காமல் வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சட்டப் பிரிவுகள் நாட்டுக்கு நாடு மாறும். நான் சொல்லப்போவது உலகளவில் ஏற்கப்பட்ட அளவுகோல், அதாவது 170-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கும் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 21-ஆவது பிரிவும், அதற்கு ஐ.நா. மனித உரிமைக் குழு 2020-இல் கொடுத்த விளக்கமும்.

அந்த விளக்கம் 'வன்முறை' என்பதற்கு ஓர் எல்லை போட்டிருக்கிறது. இன்னொருவருக்குக் காயமோ மரணமோ ஏற்படுத்தக்கூடிய உடல் பலம், அல்லது சொத்துக்குப் பெரிய சேதம், இதுதான் வன்முறை. தள்ளுமுள்ளு வன்முறை இல்லை. வண்டிகள் நின்றுபோவதும் நடந்து போகிறவர்களுக்கு இடைஞ்சல் ஆவதும் வன்முறை இல்லை. முக்கியமாக, ஒருவர் செய்த வன்முறையை அவர் பக்கத்தில் இருந்தவர் கணக்கில் எழுதக் கூடாது. கல் எறிந்தவர் கல் எறிந்தவர்தான். அவரைப் பிடிக்கலாம், வழக்குப் போடலாம், அவரைத் தடுக்கத் தேவையான அளவு பலத்தையும் பயன்படுத்தலாம், அதில் எனக்கு மறுப்பே கிடையாது. ஆனால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த உங்கள் உரிமை அந்தக் கல்லோடு சேர்ந்து பறந்துபோய்விடாது.

அனுமதி விஷயத்துக்கு வருவோம். முன்கூட்டித் தகவல் கொடுக்கச் சொல்வது வேறு, அனுமதி வாங்கினால்தான் கூடலாம் என்பது வேறு. முதலாவது கேட்கலாம், போலீஸ் பாதுகாப்புக்கு ஏற்பாடு செய்ய அது உதவும். இரண்டாவது, உரிமையை ஒரு சலுகையாக்கிவிடுகிறது என்பதுதான் குழுவின் நிலைப்பாடு. தகவல் கொடுக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கூட்டத்தைக் கலைக்கவோ வந்தவர்களைக் கைது செய்யவோ கூடாது. ஆனாலும் உங்கள் நாட்டில் தகவல் கொடுக்கும் விதி இருந்தால் எழுத்தில் கொடுத்துவிடுங்கள், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். நாளைக்கு வாதாடும்போது அந்த ஒரு தாள் நிறையப் பேசும்.

அப்படியானால் எப்போதுதான் கலைக்கலாம்? கூட்டம் மொத்தமாக வன்முறைக்கு மாறிவிட்டது, அல்லது உடனே பெரிய வன்முறை வரப்போகிறது என்பதற்குத் தெளிவான ஆதாரம் இருக்கிறது, கல் எறிகிற நாலு பேரை மட்டும் பிடித்தால் தீராது என்ற நிலை, அப்போது. அமைதியான கூட்டமாகவே இருந்தாலும் இடைஞ்சல் கடுமையாகி நீண்ட நேரம் நீடித்தால் கலைக்க இடம் உண்டு. எதுவானாலும் கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி அறிவிக்க வேண்டும், போக நேரம் கொடுக்க வேண்டும், வெளியே போக வழி விட வேண்டும். இரண்டு பக்கமும் அடைத்துவிட்டு 'கலைந்து போ' என்று அடிப்பதற்கு இந்த அளவுகோலில் இடமே இல்லை.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. கலைக்கும் உத்தரவு சரியாகவே இருக்கட்டும், அதனால் விழுகிற ஒவ்வொரு அடியும் சரியாகிவிடாது. 1990-இல் ஹவானாவில் நடந்த ஐ.நா. மாநாட்டில் ஏற்கப்பட்ட அடிப்படைக் கோட்பாடுகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன: சட்டவிரோதமான, ஆனால் வன்முறை இல்லாத கூட்டத்தைக் கலைக்கும்போது பலப்பிரயோகத்தைத் தவிர்க்க வேண்டும், முடியாவிட்டால் மிகக் குறைந்த அளவோடு நிறுத்த வேண்டும். ஆகவே உங்கள் நண்பர் சொல்வதுபோல அது சட்டவிரோதக் கூட்டம் என்றே ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், 'எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்த இவரை, இந்த நொடியில், லத்தியால் அடிக்க என்ன தேவை இருந்தது?' என்ற கேள்விக்கு அடித்தவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். மேலதிகாரி சொன்னார் என்பதும் பதில் ஆகாது. உத்தரவு வெளிப்படையாகச் சட்டத்துக்குப் புறம்பானது, மறுக்கவும் வழி இருந்தது என்றால், அடித்தவரும் பொறுப்பு, உத்தரவிட்டவரும் பொறுப்பு.

ஆயுதங்களுக்கும் தனித்தனி வரம்பு உண்டு. லத்தி, வன்முறையில் இறங்கியவரைத் தடுக்க, கை கால் தசைகளில்தான். தலை, கழுத்து, தொண்டை, முதுகெலும்பு, இடுப்புக்குக் கீழே அந்தரங்க உறுப்பு, இங்கெல்லாம் கூடாது. கண்ணீர்ப்புகைக் குண்டை ஆளைக் குறிவைத்துச் சுடக் கூடாது, தப்பிக்க வழியில்லாத அடைந்த இடத்தில் போடக் கூடாது. ரப்பர் குண்டைச் 'சும்மா வலிக்கும், அவ்வளவுதான்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2017-இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வுத் தொகுப்பில் இத்தகைய குண்டுகளால் காயமடைந்த 1,984 பேரின் விவரம் இருக்கிறது: 53 பேர் இறந்திருக்கிறார்கள், 300 பேருக்கு நிரந்தர ஊனம். ஊனத்தில் பெரும்பகுதி தலையிலும் கழுத்திலும் பட்ட காயத்தால் வந்தது. துப்பாக்கியைப் பற்றி ஒரே வரி: கூட்டத்தைக் கலைப்பதற்காக அதைச் சுடவே கூடாது. உயிருக்கோ படுகாயத்துக்கோ உடனடி ஆபத்து உண்டாக்கும் குறிப்பிட்ட ஆளுக்கு எதிராக மட்டும்தான், அதுவும் வேறு வழியே இல்லாதபோது.

சரி, அடுத்த வாரத்துக்கு வருவோம். உட்காரும் முன்பே வெளியேறும் வழி இரண்டைப் பார்த்து வையுங்கள். நடக்க முடியாதவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் ஓரத்தில் உட்காரட்டும். கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம், கண்ணாடி போதும். வக்கீல் ஒருவரின் எண்ணைப் பேனாவால் கையில் எழுதிக்கொள்ளுங்கள், போன் கையில் இருக்கும் என்பது நிச்சயமில்லை. போனில் விரல்ரேகை, முகப்பூட்டை நிறுத்திவிட்டு எண் பூட்டு மட்டும் வையுங்கள். யாராவது கல்லை எடுத்தால் மைக்கில் உடனே 'எறியாதீர்கள், இது அமைதிப் போராட்டம்' என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள், அது வீடியோவில் பதிவாகட்டும். கைது செய்ய வந்தால் மல்லுக்கட்ட வேண்டாம். கைது தவறு என்பதை வக்கீல் மூலம் பேசிக்கொள்ளலாம், அந்த இடத்தில் நீங்கள் கையை உதறினால் அதுவே தாக்குதல் என்று எழுதப்படும்.

புகை பட்டால் கண்ணைத் தேய்க்காதீர்கள். பெயர்தான் புகை, உண்மையில் அது காற்றில் மிதக்கும் நுண்ணிய தூள், தேய்த்தால் இன்னும் உள்ளே போகும். காற்று வரும் திசையைப் பார்த்து நகருங்கள், சுத்தமான தண்ணீரால் பத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் கழுவுங்கள். சட்டையைத் தலை வழியாக இழுத்துக் கழற்றாதீர்கள், வெட்டி எடுத்தாலும் பரவாயில்லை. பால் ஊற்றும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது, தண்ணீரே போதும். மூச்சுத்திணறல் நிற்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இப்போது உங்கள் இடது கைக்கு வருகிறேன், இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். உருண்டையான தடியால் வேகமாக அடித்தால் பட்ட இடம் முழுக்கச் சிவக்காது. தடி படுகிற நடுப்பகுதியில் ரத்தம் இரண்டு ஓரத்துக்கும் ஒதுங்கி, அங்கே நுண்ணிய குழாய்கள் கிழிவதால், நடுவில் வெளிறிப்போய் இரண்டு பக்கமும் தண்டவாளம் மாதிரி இணையாக இரண்டு சிவப்புக் கோடுகள் தெரியும். தடயவியல் மருத்துவர் அதைப் பார்த்தால் 'கீழே விழுந்ததில் பட்டது' என்ற கதை நிற்பது கஷ்டம். முன்கையின் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மட்டும் உடைந்திருந்தால் அதுவும் பேசும், ஏனென்றால் தலையை மறைக்கக் கையைத் தூக்கியவருக்குத்தான் பெரும்பாலும் அடி அங்கே விழும். ஆனால் அந்தக் கோடுகள் நாள்கணக்கில் கலைந்து ஒரே நீலமாகிவிடும்.

ஆகவே அடி பட்டால் அன்றைக்கே படம் எடுங்கள். முதலில் முகமும் கையும் சேர்ந்து தெரியும்படி தள்ளி நின்று ஒன்று, பிறகு காயத்தின் பக்கத்தில் அளவுகோலோ நாணயமோ வைத்துக் கிட்டத்தில் ஒன்று, அடுத்த சில நாட்களும் இதே மாதிரி. அசல் கோப்பை அழிக்காதீர்கள், மெசேஜ் செயலியில் அனுப்பிய நகலில் எடுத்த நேரம், இடம் போன்ற விவரங்கள் போய்விடும். டாக்டரிடம் 'விழுந்துவிட்டேன்' என்று சொல்லவே சொல்லாதீர்கள், பயமாக இருந்தாலும். யார், எதனால், எத்தனை முறை, நீங்கள் எப்படி உட்கார்ந்திருந்தீர்கள் என்று சொல்லி அது சீட்டில் எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டு வாருங்கள். ராத்திரி தூங்கும் முன், கலையச் சொல்லி அறிவிப்பு கேட்டதா, எத்தனை நிமிடம் கொடுத்தார்கள், கல் எங்கிருந்து வந்தது, அடித்தவரின் சட்டையில் பெயரோ எண்ணோ இருந்ததா என்று நினைவிருப்பதை எழுதித் தேதி போடுங்கள். எண்ணை மறைத்திருந்தார்கள் என்றால் அதையும் எழுதுங்கள், அடையாளம் தெரியும்படி இருக்க வேண்டியது அவர்கள் கடமை. பக்கத்தில் இருந்தவர்களும் தனித்தனியாக எழுதட்டும், கலந்து பேசிவிட்டு எழுத வேண்டாம்.

போன மாதத்து அடிக்கு இப்போது கோடு இருக்காது. ஆனாலும் அன்றைய மருத்துவச் சீட்டு, எக்ஸ்ரே, யாராவது எடுத்த வீடியோ எல்லாவற்றையும் இந்த வாரமே சேர்த்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள், புகார் கொடுக்கக் காலக்கெடு உண்டா என்பதை முதலில் கேளுங்கள்.