ரெண்டு பேருக்காக இவ்வளவு செலவா?

கேள்வி: எங்க பொது நூலகத்து வாசகர் வட்டத்துல நானும் இருக்கேன். ராம்ப், பிரெய்ல் புத்தகம், பேசுற சாஃப்ட்வேர் போட்ட கம்ப்யூட்டர்னு வரிசையா செலவு வைக்கிறாங்க. ஆனா பார்வையில்லாதவங்க, வீல்சேர்காரங்கன்னு மாசத்துக்கு ரெண்டு பேர் வந்தா பெருசு. அந்தக் காசுக்கு எல்லாரும் படிக்கிற மாதிரி புது புத்தகம் வாங்கலாமேன்னு கேட்டா என்னைய ஒரு மாதிரியா பாக்குறாங்க. நான் கேட்டது தப்பா? – ஒரு வாசகர்

பதில்: கேட்டது தப்பில்ல, எண்ணினதுதான் தப்பு. உள்ள வந்த ரெண்டு பேர எண்ணியிருக்கீங்க, வாசல் வரைக்கும் வந்து பாத்துட்டு திரும்பிப் போனவங்கள யாரு எண்ணினா? உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குப்படி ஏதோ ஒரு பெரிய குறைபாட்டோட வாழுறவங்க சுமார் 130 கோடி பேர், அதாவது ஆறு பேருக்கு ஒருத்தர். உங்க நூலகத்தச் சுத்தி மட்டும் ரெண்டே பேர்தான் இருக்காங்கன்னா அது உலக அதிசயம்.

முதல்ல அந்த ராம்ப போய் ஒரு தடவ அளந்து பாருங்க. பொதுவா சொல்ற அளவு 1:12, அதாவது ஒரு அடி ஏத்தத்துக்கு பன்னெண்டு அடி நீளம் வேணும். ஆறு அங்குலப் படி மூணு இருந்தாலே பதினெட்டு அடி ஆச்சு. இடமில்லன்னு அதையே அஞ்சாறு அடியில முடிச்சு வெச்சிருப்பாங்க, அது ராம்ப் இல்ல சார், சறுக்குமரம். அப்படியே சரியா கட்டியிருந்தாலும் பைக் உள்ள வரக்கூடாதுன்னு மேல ஒரு சங்கிலி, சங்கிலியோட சாவி யார்கிட்டயோ, அவரு லீவு. அதையும் தாண்டி உள்ள போனா வீல்சேர் போற டாய்லெட்ல பழைய நாற்காலியும் துடைப்பமும் அடுக்கியிருக்கும், எழுத்தாளர் சந்திப்பு லிஃப்ட் இல்லாத மாடி ஹால்ல நடக்கும். இப்படி ஒரு எடத்துக்கு மாசம் ரெண்டு பேர் வர்றாங்கன்னா, அவங்க பிடிவாதத்துக்கு ஒரு சலாம் போடணும்.

சாஃப்ட்வேர் விஷயத்துக்கு வருவோம். திரையில இருக்கற எழுத்த வாசிச்சுக் காட்டுற சாஃப்ட்வேர ஸ்க்ரீன் ரீடர்னு சொல்வாங்க, அதுல என்விடிஏன்னு ஒண்ணு 2006-ல இருந்து இருக்கு, முழுக்க இலவசம், தமிழும் வாசிக்கும். அப்புறம் எதுக்கு செலவு ஆச்சுன்னு நீங்க தாராளமா கேக்கலாம், அந்தக் கேள்விக்கு நான் உங்க பக்கம். உண்மையான சிக்கல் வேற எடத்துல இருக்கு. பக்கத்த போட்டோ புடிச்ச மாதிரி ஸ்கேன் பண்ணி பிடிஎஃப்னு போட்டு வெச்சா அது ஸ்க்ரீன் ரீடருக்கு வெறும் படம், அதுல வாசிக்க ஒண்ணும் இல்ல. எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடுக்கு முந்தின ஃபான்ட்ல அடிச்ச ஃபைலா இருந்தா இன்னும் மோசம், தமிழே இல்லாம என்னத்தையோ உளறும். கம்ப்யூட்டர் வாங்கினவங்க அதுல போட ஒரு பத்து புத்தகமாவது ஒழுங்கான எழுத்தா வெச்சிருக்காங்களான்னு பாத்தீங்களா?

பிரெய்ல் விஷயத்துல உங்க சந்தேகத்துல கொஞ்சம் நியாயம் இருக்கு. வயசானப்புறம் பார்வை போனவங்க பலபேர் பிரெய்ல் கத்துக்கல, ஒரு சாதா நாவலே பிரெய்ல்ல மூணு நாலு தடி வால்யூமா வரும், யார் கேட்டாங்கன்னு தெரியாம ஒரு அலமாரி நிறைய வாங்கி திறப்பு விழாவுக்கு போட்டோ எடுத்துட்டு விட்டுட்டா அது செலவுதான். அதுக்காக பிரெய்லே வேணாம்னு சொல்லிடாதீங்க, கணக்கு, எழுத்துப்பிழை, கவிதை வரி எங்க மடங்குது இதெல்லாம் காதால கேட்டு தெரிஞ்சுக்கறது கஷ்டம், விரலால படிச்சா தெளிவா தெரியும். சிலருக்கு டெய்சி முறையில பேசுற புத்தகம் வசதி, சாதா ஆடியோ மாதிரி மொதல்லேர்ந்து ஓட்டாம அத்தியாயம், பக்கம்னு நேரா தாவலாம். யாருக்கு எதுன்னு அவங்கள கேட்டுட்டு வாங்கணும், அவ்ளோதான்.

காப்பிரைட் தடுக்குதுன்னு யாராவது சாக்கு சொன்னா நம்பாதீங்க. 2013-ல மராக்கேஷ் ஒப்பந்தம்னு ஒண்ணு போட்டாங்க, 2016 செப்டம்பர் 30-லேர்ந்து அமல்ல இருக்கு, அத ஏத்துக்கிட்ட முதல் நாடே இந்தியாதான். அச்சுப் புத்தகத்த படிக்க முடியாதவங்களுக்காக பதிப்பாளர்கிட்ட அனுமதி வாங்காமலே நூலகம் மாதிரி அமைப்புங்க அவங்களுக்கேத்த வடிவத்துல பிரதி எடுக்கலாம். இதுல பார்வையில்லாதவங்க மட்டும் இல்ல, எழுத்த படிக்கறதுல சிரமப்படுற டிஸ்லெக்சியா இருக்குறவங்க, புத்தகத்த கையில புடிச்சு பக்கம் திருப்ப முடியாதவங்களும் சேத்தி. வீட்டவிட்டு வர முடியாதவங்களுக்கு தபால்ல அனுப்பலாம், பார்வையற்றோருக்கான புத்தகத்துக்கு தபால் கட்டணம் கிடையாதுங்கறது உலக தபால் ஒன்றியத்தோட பழைய விதி, விமானத்துல அனுப்புனா மட்டும் கூடுதல் காசு கேக்கலாம்.

"எல்லாரும் படிக்கிற மாதிரி"ன்னு எழுதியிருக்கீங்களே, அந்த எல்லாரும் யாரு? நாப்பது தாண்டினா வெள்ளெழுத்து வரும், உங்களுக்கும் வரும், எனக்கு வந்தாச்சு. அன்னைக்கு 16 பாயிண்ட் பெரிய எழுத்துல அச்சடிச்ச புத்தகம் எங்க இருக்குன்னு தேடுவீங்க. கால்ல கட்டு போட்டவரு, தள்ளுவண்டியில குழந்தைய வெச்சிருக்கற அம்மா, காது மந்தமான பெரியவரு, இவங்க யாரும் உங்க ரெண்டு பேர் கணக்குல வரமாட்டாங்க, ஆனா ராம்புலயும் மைக்குலயும் பொழைக்கிறவங்க இவங்கதான். பேசுற புத்தகம்கூட 1934-ல அமெரிக்காவுல பார்வையில்லாதவங்களுக்காக நீண்ட நேரம் ஓடுற இசைத்தட்டுல வந்தது, அந்த எல்.பி. தட்டு பாட்டு கேக்குறவங்களுக்காக கடைக்கு வந்தது 1948-லதான். இன்னைக்கு கார்ல ஆடியோ புக் கேக்குறவங்க யாரும் அது ரெண்டு பேருக்கான செலவுன்னு சொல்றதில்ல. நூலகத்துறையில நம்மாளு ரங்கநாதன் 1931-ல எழுதி வெச்ச அஞ்சு விதியில ரெண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவரோட புத்தகம்ங்கறது. மெஜாரிட்டி வாசகருக்குன்னு அவர் எழுதல.

அதனால கமிட்டியில செலவ நிறுத்துங்கன்னு சொல்றதுக்கு பதிலா, செஞ்ச செலவு எங்க வரைக்கும் போய் நின்னுச்சுன்னு கேளுங்க. சங்கிலிய எடுக்கச் சொல்லுங்க, கூட்டத்த கீழ்த்தளத்துக்கு மாத்தச் சொல்லுங்க. குழந்தைங்களுக்கு கதை சொல்ற நிகழ்ச்சின்னா சத்தமும் கூட்டமும் ஒத்துக்காத பிள்ளைங்களுக்கு தனியா ஒரு அமைதியான நேரம் ஒதுக்கச் சொல்லுங்க, இதுக்கெல்லாம் ஒரு பைசா ஆகாது. முக்கியமா நிகழ்ச்சி நோட்டீஸ்ல ஒரு வரி போடச் சொல்லுங்க: ராம்ப் இருக்கு, சைகை மொழி இருக்கு, இல்லன்னா இல்லன்னு, உதவி வேணும்னா முன்கூட்டியே இந்த நம்பருக்கு கூப்பிடுங்க. அந்த வரிகூட இல்லாத நோட்டீஸ நம்பி வண்டி புடிச்சு, துணைக்கு ஆள் புடிச்சு கிளம்பி வந்து சங்கிலிய பாத்துட்டு திரும்பணும்னு அவங்களுக்கு என்ன தலையெழுத்தா?