சமூகநலப் படிப்பு: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

சேவை மனப்பான்மை இருந்தால் போதாதா? இதற்கு எதற்குப் பட்டம்?

இந்தக் கேள்விக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 19-ஆம் நூற்றாண்டில் நல்ல மனம் படைத்தவர்கள் ஏழைகளின் வீடு வீடாகப் போய் உதவியோடு புத்திமதியும் சொல்லிவிட்டு வந்தார்கள். அது போதாது என்று பட்டபிறகுதான் 1898-இல் நியூயார்க்கில் ஒரு கோடைகால வகுப்பு தொடங்கியது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமூகப்பணிப் பள்ளிக்கு வித்து அதுதான்.

என் கதையும் அப்படித்தான். படிப்பின் பகுதியாக மக்களிடம் நேரில் போய்ப் பயிற்சி பெறும் களப்பணியின் முதல் மாதம். சர்க்கரை நோயுள்ள ஓர் அம்மாவிடம், மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொல்லி அரைமணி நேரம் பேசினேன். அதைப் பெருமையாகக் குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன். மேற்பார்வையாளர் ஓரத்தில் ஒரே வரி எழுதினார்: "அவருக்குப் படிக்கத் தெரியுமா?" தெரியாது. ஒரே மாதிரி இருந்த இரண்டு அட்டைகளில் எது காலைக்கு, எது இரவுக்கு என்பதுதான் அவருடைய சிக்கல். மறுநாள் ஒன்றில் சூரியனும் மற்றதில் நிலாவும் வரைந்து கொடுத்தேன். படிப்பு கற்றுத் தருவது அந்த ஓரக் கேள்வியைத்தான்.

களப்பணி எவ்வளவு இருக்கும்?

நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் இளநிலைக்குக் குறைந்தது 400 மணி நேரம், முதுநிலைக்கு 900. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். களப்பணிக்கு எங்கே அனுப்புகிறார்கள், குறிப்பேட்டை யார் வாசிக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

வேலை எங்கே கிடைக்கும்?

மருத்துவமனை, பள்ளி, குழந்தைகள் பாதுகாப்பு, முதியோர் இல்லம், சிறைச்சாலை, தொண்டு நிறுவனம், தொழிற்சாலைகளின் தொழிலாளர் நலப் பிரிவு. கொள்கை வகுக்கும் பக்கமும் போகலாம். முதல் சம்பளத்தைப் பார்த்து மயக்கம் போடாமல் இருந்தால் சரி.

உளவியல் படிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

தூக்கம் வரவில்லை என்று ஒருவர் வந்தால், உளவியலாளரின் கவனம் பெரும்பாலும் அவருடைய மனதின் மேல் இருக்கும். நாங்கள் வாடகை பாக்கியையும் சேர்த்துக் கேட்போம். சிகிச்சை ஆலோசனையில் இறங்க வேண்டுமென்றால் முதுநிலையும், பல நாடுகளில் உரிமமும் வேண்டும்.

எனக்குக் கணக்கு சுத்தமாக வராது. சேரலாமா?

சேரலாம். ஆனால் ஆய்வுமுறைப் பாடத்தில் புள்ளியியல் உண்டு, தப்ப முடியாது. பின்னால் ஒரு திட்டத்துக்கு நிதி கேட்டுப் போகும்போது, "எத்தனை பேருக்கு என்ன மாறியது?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.