இரவல் பூட்ஸில் 13 கோல்

கேள்வி: எங்கள் கழகத்துப் பொடியன்கள் ஒரே சோடி பூட்ஸை மாறி மாறிப் போட்டுத்தான் விளையாடுகிறார்கள். உலகக் கிண்ணத்திலேயே ஒருவர் இரவல் பூட்ஸோடு கோல் கோலாக அடித்தவர் என்று சொன்னால் நம்புகிறார்கள் இல்லை. உண்மைதானே? (வாசகர், பாண்டிருப்பு)

பதில்: உண்மை, தைரியமாகச் சொல்லுங்கள். 1958, சுவீடன். ஆள் பிரான்சின் ஜஸ்ட் ஃபொன்டேன், பிறந்தது மொரோக்கோவின் மராகேஷில். பயிற்சியில் அவருடைய பூட்ஸ் கிழிந்துபோனது. கம்பனிக்காரர் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து கொடுக்கிற காலமா அது? அணியில் இருந்த ஸ்டெஃபான் புருவேக்கும் இவருக்கும் கால் அளவு ஒன்று, அவர் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார். முதல் போட்டியில் பராகுவேக்கு 3, யூகோஸ்லாவியாவுக்கு 2, ஸ்கொட்லாந்துக்கு 1, வட அயர்லாந்துக்கு 2, பெலே ஆடிய பிரேசிலுக்கு 1, கடைசியில் மூன்றாம் இடத்துக்காக மேற்கு ஜெர்மனியோடு மோதியபோது 4. ஆறே போட்டியில் 13! அந்தக் கடைசிப் போட்டியில் கிடைத்த பெனால்டியைக்கூட இவர் அடிக்கவில்லை, அணித் தோழர் கோபாதான் அடித்தார். ஜெர்மனி வீரர் குளோசேயின் 16 கோலும் நான்கு உலகக் கிண்ணங்களில் சேர்த்தவை, இவருடைய 13உம் ஒரே கிண்ணத்தில் என்பதையும் பொடியன்களிடம் சொல்லுங்கள்.

கேள்வி: அப்படிப்பட்டவர் பிறகு ஏன் காணாமல் போனார்? (வாசகி, கல்லடி)

பதில்: கால் முறிந்தது தங்கச்சி. 1960இல் முறிந்து, ஆறி, திரும்பி வந்து ஆட, 1961இல் மறுபடியும் முறிந்தது. 1962இல் விட்டுவிட்டார், வயது 28தான். பிரான்சுக்காக 21 போட்டி, 30 கோல். நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. அந்தக் காலத்தில் பிரான்சில் ஒரு வீரர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தால் 35 வயது வரை கழகம் விட்டால்தான் வேறிடம் போகலாம், அதை எதிர்த்து 1961இல் வீரர்களுக்குச் சங்கம் தொடங்கியவர்களில் இவரும் ஒருவர். 1969இல் அந்த முறை முடிவுக்கு வந்தது. 2023இல் 89 வயதில் காலமானார்.

அப்புறம், பாண்டிருப்பு வாசகருக்கு ஒன்று. பூட்ஸ் இரவல் பரவாயில்லை, முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் கட்டும் கவசம் மட்டும் ஆளுக்கொரு சோடி கட்டாயம் வாங்கிக் கொடுங்கள். போன மாதம் கல்லடிக் கடற்கரையில் ஒரு பொடியன் சப்பாத்துப் பெட்டி மட்டையை வெட்டி மேசுக்குள் செருகிக்கொண்டு ஓடினான், இடைவேளைக்கு முன்னமே அது வியர்வையில் ஊறிக் கூழாகிவிட்டது.