பிராம்லி ஆப்பிள்: பூ உண்டு, காய் இல்லை

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் பிராம்லி என்ற சமையல் ஆப்பிள் ஒட்டுச்செடி வைத்தோம். நன்றாக வளர்ந்துவிட்டது. கொஞ்சம் பூக்கிறது, காய் பிடிப்பதில்லை. பக்கத்தில் வேறு ரக ஆப்பிள் மரம் ஒன்றும் நிற்கிறது. ஒவ்வொரு தை மாதமும் எல்லாக் கிளை நுனிகளையும் வெட்டிவிடுகிறோம். என்ன குறை?
(கோத்தகிரி வாசகர்)

பதில்: முதலில் கவாத்தை, அதாவது கிளை வெட்டும் முறையை, மாற்றுங்கள். பிராம்லி ஓரளவு கிளை நுனியிலும் காய்க்கும் ரகம். எல்லா நுனியையும் வெட்டினால் பூமொட்டுகளில் ஒரு பங்கு குப்பைக்குப் போகிறது. காய்ந்த கிளை, உரசும் கிளை, நடுவில் நிழல் கட்டும் கிளை ஆகியவற்றை மட்டும் அடியோடு எடுங்கள். சிறு பக்கக் கிளைகளின் நுனியைத் தொடாதீர்கள். நேராக மேலே போகும் வாதுகளைக் கயிறு கட்டிப் படுக்கைவாட்டில் வளைத்துவிட்டால் பூ கூடும்.

அடுத்தது மகரந்தம். பெரும்பாலான ஆப்பிள்களுக்கு 34 குரோமோசோம் (மரபணுக்களைத் தாங்கும் இழை) என்றால் பிராம்லிக்கு 51. அவை இரண்டாகச் சரிசமமாகப் பிரியாததால் அதன் மகரந்தம் பெரும்பாலும் பயன்படாது. பக்கத்தில் நிற்கும் துணை மரம் பிராம்லிக்கு மகரந்தம் கொடுக்கும். பிராம்லியால் திருப்பிக் கொடுக்க முடியாது. இரண்டுமே காய்க்க வேண்டுமென்றால் மூன்றாவதாக இன்னொரு ரகம் தேவை. மூன்றும் ஒரே சமயத்தில் பூக்கவும் வேண்டும்.

நம் மலையில் பெரிய சிக்கலே அதுதான். பல ஆப்பிள் ரகங்களுக்கு 7 டிகிரிக்குக் கீழே சுமார் 1000 மணி நேரக் குளிர் வேண்டும். இங்கே மார்கழி இரவில் உறைபனி விழுந்தாலும் பகல் வெயில் அந்தக் குளிரின் பலனைக் குறைத்துவிடுகிறது. ஒரு கிளை பூக்கும்போது மறு கிளை தூங்கும். துணை மரம் அதற்குள் பூத்து முடிந்திருக்கும். அப்படி நேர்ந்தால், பூத்திருக்கும் வேறு ரகக் கிளையை வெட்டி, தண்ணீர் வாளியில் வைத்து உங்கள் மரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். தேனீ நடமாடும் வெயில் நாளாகப் பார்த்துச் செய்ய வேண்டும். மழை நாளில் செய்து பயனில்லை.

கேள்வி: பிராம்லி விதை போட்டு வளர்க்கலாமா?
(கொடைக்கானல் வாசகி)

பதில்: மரம் வரும், பிராம்லி வராது. அந்த ரகமே 1809இல் இங்கிலாந்தின் சவுத்வெல் ஊரில் மேரி ஆன் பிரெய்ல்ஸ்போர்டு என்ற பெண் போட்ட விதையில் தற்செயலாகக் கிடைத்தது. பிறகு அந்த மரம் நின்ற வீட்டை வாங்கிய பிராம்லி என்பவரின் பெயர் பழத்துக்கு நிலைத்தது. அன்று முதல் ஒட்டுக்கட்டியே பெருக்கி வருகிறார்கள். பென்சில் கனமுள்ள வேர்ச்செடியில் (ஒட்டுக்கு அடியாக நிற்கும் செடி), மரம் உறங்கும் பருவத்தில் நாக்கு ஒட்டு (சாய்வாகச் சீவி, நாக்குப் போலப் பிளந்து பொருத்துவது) போடுங்கள். வேர்ச்செடி எம்.எம். 106 அல்லது எம்.எம். 111 ஆக இருக்கட்டும். வேரைத் தாக்கும் பஞ்சு அசுவினி என்ற சாறுறிஞ்சும் பூச்சியை இரண்டும் தாங்கும்.

கேள்வி: பிராம்லி கிடைக்காவிட்டால் ஆப்பிள் பை (pie) பண்டத்துக்கு எதைப் போடுவது? கடை ஆப்பிள் துண்டு துண்டாகவே நிற்கிறது.
(குன்னூர் வாசகி)

பதில்: மெழுகு பூசிய இனிப்பு ஆப்பிளைத் தவிர்த்து, மலைத் தோட்டங்களில் முற்றும் முன் உதிரும் புளிப்புக் காயைக் கேட்டு வாங்குங்கள். ஒரு கிலோ காயைத் தோல் சீவி நறுக்கி, கறுக்காமலிருக்க லேசான உப்புத் தண்ணீரில் போடுங்கள். வடித்து, நான்கு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, மூடி, சிறு தீயில் 15 நிமிடம் வேகவிடுங்கள். சர்க்கரையை முதலிலேயே போட்டால் துண்டுகள் விறைத்துவிடும். குழைந்த பிறகு 100 கிராம் போட்டு, ருசி பார்த்துக் கூட்டுங்கள். புளிப்பு போதாவிட்டால் அரை எலுமிச்சை பிழியலாம். இரும்புச் சட்டி வேண்டாம், விழுது கறுத்துப்போகும்.