இடைக்காலப் போர் விளையாட்டில் ஊழல் ஆளுநர்களை எப்படிச் சமாளிப்பது?

2006இல் வந்த 'மெடீவல் 2: டோட்டல் வார்' கணினி விளையாட்டில், நகரத்துக்குள் இருக்கும் தளபதிதான் அதன் ஆளுநர். நகர வருமானத்தில் உங்கள் கைக்கு வருமுன் காணாமல் போகும் பங்குதான் ஊழல்.

முதல் காரணம் தூரம். தலைநகரிலிருந்து தள்ளிப்போகப் போக இழப்பு கூடும். திருநெல்வேலிக்காரர்களுக்கு இது சட்டெனப் புரியும்: கன்னடியன் கால்வாயில் தலைமடை வயல் நிரம்பி நிற்கும்போது, கடைமடைக்காரர் மண்வெட்டியோடு வரப்பில் காத்துக் கிடப்பார். வழியில் ஆளாளுக்கு மடையைத் திறந்திருப்பார்கள்.

எனவே தலைநகரை உங்கள் நாட்டின் நடுவுக்கு மாற்றுங்கள். பலர் இதைத் தொடுவதே இல்லை. என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். அப்புறம் சட்டம் ஒழுங்கைக் கூட்டும் கட்டடங்கள்.

இரண்டாவது, ஆள். கருவூலத்தில் பணம் குவிந்து கிடந்தால், ஊருக்குள் உட்கார்ந்திருக்கும் ஆளுநருக்குக் கை நீளும் குணம் ஒட்டிக்கொள்ளும். பணத்தைத் தேக்காமல் சாலை, துறைமுகம் என்று செலவழியுங்கள். ஏற்கெனவே கெட்டவரைப் படையோடு எல்லைக்கு அனுப்பிவிடுங்கள். அங்கே அவர் வாளுக்கு வேலை இருக்கும், கஜானா இருக்காது.

ஆளுநரை நீக்கினால் ஊழல் முழுக்க நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் குணத்தால் கூடிய இழப்பு மட்டும்தான் நிற்கும், தூரத்தால் வருவது ஆளுநரே இல்லாத நகரத்திலும் தொடரும்.