நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கிளினிக்கில் மருந்தாளர்; ஆய்வு வேலைக்கு அனுப்பிய இரண்டு விண்ணப்பமும் திரும்பி வந்துவிட்டன. மருத்துவப் பட்டம் இல்லாமல் மருந்துப் பாதுகாப்பு ஆய்வுக்குப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். சுங்கை சிப்புட் கிளினிக்கில் மருந்தாளராக இருந்துகொண்டே தொடங்கலாம். இரண்டு விண்ணப்பமும் திரும்பி வந்ததற்குப் பட்டம் காரணமாக இருக்காது. மருந்து கொடுத்ததை மட்டும் எழுதியிருப்பீர்கள்; பக்கவிளைவு அறிக்கை பற்றி ஒரு வரியாவது உண்டா?

பெரிண்டோபிரில் என்ற இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் தோட்டத்துப் பாட்டி வறட்டு இருமல் என்கிறாரா? மாத்திரை தொடங்கிய நாள், இருமல் வந்த நாள், டாக்டர் மருந்தை மாற்றியபின் நின்றதா, கூடவே குடித்த நாட்டு மருந்து (இதைக் கேட்டால்தான் சொல்வார்கள்), எல்லாம் குறித்து மலேசியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்.பி.ஆர்.ஏ.வுக்கு அனுப்புங்கள். உங்கள் கிளினிக்கின் பழைய அறிக்கைகளில் இந்தத் தேதிகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

ஆனால் அறிக்கைகளை எண்ணி ‘இத்தனை சதவீதம்’ என்று சொல்லிவிடாதீர்கள். மாத்திரை சாப்பிட்ட மொத்தப் பேர் கணக்கு அதில் இல்லை. அதற்குத்தான் நோய்ப்பரவலியல் (எத்தனை பேரில் எத்தனை பேருக்கு, ஏன் வருகிறது என்று கணக்கிடும் துறை) படிக்க வேண்டும். நோயாளிப் பதிவேடுகளை வைத்து ஆய்வு செய்வதென்றால் என்.எம்.ஆர்.ஆர். எனும் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவும் நெறிமுறைக் குழு அனுமதியும் முதலில், அப்புறம்தான் மற்றது.